அரைநாள் மாணவர்

தலையில் அடிபட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டு, ஸ்கேன் எடுத்துப் பார்த்து, எலும்பும் முறியவில்லை, இரத்தமும் கசியவில்லை, பயப்பட ஒன்றுமில்லை என்ற நல்ல வார்த்தையோடு வீடு திரும்பும் கல்லூரி மாணவர்களில் பலருக்கு, அந்த நல்ல வார்த்தையே அடுத்த சில வாரங்களில் பெரிய சங்கடமாக வந்து முடிகிறது. உயிருக்கு ஆபத்தில்லை என்று வைத்தியர் சொன்னதை, உடம்புக்கு ஒன்றுமில்லை என்று வீட்டார் கேட்டுக்கொள்கிறார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று வீட்டார் சொல்வதை, நாளையே வகுப்புக்கு வரலாம் என்று கல்லூரி எடுத்துக்கொள்கிறது. மாணவரோ புத்தகத்தைத் திறந்து அரைப் பக்கம் படிப்பதற்குள் நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறிக்க, படித்தது என்னவென்று ஞாபகத்தில் நிற்காமல் மறுபடியும் முதல் வரிக்கே போய், அங்கிருந்தும் நகர முடியாமல், கடைசியில் தன் புத்தியின் மீதே சந்தேகம் கொண்டு புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறார்.

இந்த நிலைக்கு மூளை அதிர்ச்சி என்று பெயர். விளையாட்டு மைதானத்தில் மட்டும் நேரும் விபத்து இது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கால்பந்திலும் கபடியிலும் நேர்வது மெய்தான் என்றாலும், விடுதிக் குளியலறையில் வழுக்கி விழுவதும், மாடிப்படியில் கால் இடறுவதும், மழை நாளில் இருசக்கர வண்டி சறுக்குவதும், ஓடும் பேருந்தின் படிக்கட்டிலிருந்து தவறி விழுவதும் இதே காயத்தை உண்டாக்கப் போதுமானவை. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் 2015 முதல் 2018 வரை மூன்று கல்வியாண்டுகளுக்குக் கணக்கெடுத்துப் பார்த்தபோது, இளநிலை மாணவர்களில் ஏறக்குறைய 75 பேருக்கு ஒருவர் வீதம் ஆண்டுதோறும் மூளை அதிர்ச்சிக்கு உள்ளாவது தெரியவந்தது. அவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழக அணிகளில் ஆடுகிறவர்கள் அல்லர். அணியில் ஆடுகிறவருக்கு அங்கே பயிற்சியாளர் உண்டு, அணிக்கென்று மருத்துவர் உண்டு, மூளை அதிர்ச்சியை எதிர்கொள்ளும் திட்டம் ஒன்றை ஒவ்வொரு கல்லூரியும் வைத்திருக்க வேண்டும் என்று 2010 முதல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் விதித்திருக்கும் கட்டாயமும் உண்டு. மாடிப்படியில் விழுந்த சாதாரண மாணவர்தான் யாருடைய கண்ணிலும் படாமல் வகுப்பறைக்குத் திரும்புகிறார். நம் கல்லூரிகளில் இரு சாராருமே அப்படித்தான் திரும்புகிறார்கள்.

காயத்தின் தன்மையைச் சிறிது விளக்கமாகத் தெரிந்துகொண்டால்தான், மாணவர் சொல்லும் சிரமங்கள் பாசாங்கல்ல என்பது மனத்தில் பதியும். சுமார் 1,400 கிராம் எடையுள்ள மூளை, கபாலத்துக்குள் தெளிந்த நீர் சூழ மிதந்தபடி இருக்கிறது. தலை வேகமாக எதன் மீதாவது மோதும்போதோ, அல்லது தலை எதிலும் படாமலே உடல் சட்டென்று உலுக்கப்படும்போதோ, மிருதுவான அந்த உறுப்பு உள்ளே குலுங்கி முறுக்கிக்கொள்ள, அதன் நீண்ட நரம்பு இழைகள் இழுபடுகின்றன. இழுபட்ட மாத்திரத்தில், உயிரணுக்களுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே ஓடுகிறது. வெளியே இருக்க வேண்டிய கால்சியம் உள்ளே புகுகிறது. கலைந்துபோன இந்த ஒழுங்கை மீட்க ஒவ்வோர் அணுவும் தன் சக்தியையெல்லாம் செலவிட்டு உழைக்க வேண்டியிருக்க, அந்த வேளை பார்த்து மூளைக்கு வரும் இரத்த ஓட்டமோ குறைந்துவிடுகிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தைச் சேர்ந்த கீசா, ஹோவ்டா என்னும் இருவர் 2001-ஆம் ஆண்டில் இந்தத் தொடர் நிகழ்ச்சிகளை ஒழுங்குபடுத்தி விளக்கி எழுதினார்கள். உடம்பின் எடையில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கே இருக்கும் மூளை, உடம்பு செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைத் தானே எடுத்துக்கொள்வது. அதற்குச் சக்திப் பஞ்சம் வந்தால் விளைவு எப்படி இருக்கும் என்பதை அனுமானித்துக்கொள்ளலாம்.

மின்னழுத்தம் குறைந்த வீட்டில் விளக்கு மங்கலாகவாவது எரியும், கிணற்று மோட்டார் ஓடாது. மூளை அதிர்ச்சிக்கு உள்ளானவர் நம்மோடு பேசுகிறார், சிரிக்கிறார், சாப்பிட்டது என்னவென்று சரியாகச் சொல்கிறார். ஆனால் ஒரு கணக்கைப் போடு என்றால் அவரால் முடிவதில்லை. சிடி ஸ்கேன் காட்டுவது மூளையின் அமைப்பை. எலும்பு முறிவையும் இரத்தக் கசிவையும் கண்டுபிடித்து உயிரைக் காக்கும் மகத்தான கருவி அது. அணுக்களுக்குள் நிகழும் இந்தச் சக்திக் குறைவு அதில் தென்படாது. ஆகவே, ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்பதும் மாணவருக்குத் தலை வலிக்கிறது என்பதும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கக்கூடும். நினைவு தப்பவில்லையே, பிறகு எப்படி மூளையில் அடி என்று சிலர் கேட்பதற்கும் ஆதாரமில்லை. இக்காயம் பட்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நினைவு தப்புவதே கிடையாது.

படிப்பு எந்த இடத்தில் தடுக்குகிறது என்று பார்க்க, கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதும் சாமானியமான ஒரு காரியத்தை எடுத்துக்கொள்வோம். பொறியியல் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி, வண்டியிலிருந்து விழுந்த பத்தாம் நாள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். முப்பது அடி தூரத்துப் பலகையில் ஒரு சமன்பாட்டைப் பார்க்கிறாள். அதைக் கண்ணில் ஏந்திக்கொண்டு தலையைக் குனிகிறாள். முப்பது அடியிலிருந்து ஓரடிக்குப் பார்வை சுருங்கி, இரு விழிகளும் உள்நோக்கித் திரும்பி ஒரே புள்ளியில் கூட வேண்டும். தலை அசையும் வேகத்துக்கு ஏற்ப விழிகளை நிலைநிறுத்தும் காதினுள் உறுப்பு தன் கணக்கைச் சரிசெய்ய வேண்டும். அதுவரை சமன்பாடு மறந்துபோகாமல் மனத்தில் நிற்க வேண்டும். இத்தனைக்கும் நடுவே ஆசிரியரின் குரலைக் காது வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். நலமாக இருக்கும் நாளில் ஒரு மணி நேர வகுப்பில் நூறு தடவையாவது இதைச் செய்கிறோம், செய்கிறோம் என்ற உணர்வே இல்லாமல். அடிபட்ட மூளைக்கு இந்தப் பணிகள் ஒவ்வொன்றும் தனித்தனிப் பாரம். பத்து நிமிஷத்தில் எழுத்துக்கள் இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பிக்கின்றன, தலைக்கு மேல் டியூப் லைட் துடிப்பது உறுத்துகிறது, மின்விசிறியின் இரைச்சலும் பின்வரிசைப் பேச்சும் ஆசிரியரின் குரலும் ஒரே மட்டத்தில் வந்து மோதுகின்றன, குமட்டுகிறது. அவள் பேனாவை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறாள். வகுப்பில் தூங்குகிறாள் என்று பதிவாகிறது.

வீட்டிலும் அவளுக்கு நிம்மதி இல்லை. "ஸ்கேன்ல ஒண்ணுமில்லேன்னு டாக்டரே சொல்லிட்டாரே, இன்னும் என்னம்மா படுத்தே கெடக்குறே? அரியர் விழுந்தா அப்பாவுக்கு யாரு பதில் சொல்றது?" என்று அம்மா கேட்பதில் கோபத்தைவிடக் கவலைதான் அதிகம். "எனக்கே தெரியலம்மா. படிக்கணும்னுதான் உக்கார்றேன், தலைக்குள்ள ஒண்ணுமே ஏற மாட்டேங்குது" என்று அவள் சொல்வதிலும் பொய்யில்லை. எரிச்சலும் அழுகையும் காரணமில்லாத பயமும் இந்தக் காயத்தின் குறிகளிலேயே சேர்ந்தவை என்பது இருவருக்கும் தெரியாததால், மகளின் குணமே மாறிவிட்டதாகத் தாயும், தாய்க்குத் தன் மீது நம்பிக்கை போய்விட்டதாக மகளும் நினைத்துக்கொண்டு ஒரே வீட்டில் விலகி இருக்கிறார்கள். மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போதே ஐந்து நிமிஷம் ஒதுக்கி இதை யாராவது எடுத்துச் சொல்லியிருந்தால், இந்த மனஸ்தாபத்தில் பாதி நேர்ந்திருக்காது.

இதற்கு நேர் எதிரான இன்னொரு பிழையும் உண்டு. குணமாகும் வரை இருட்டறையில் படுத்திருக்க வேண்டும், புத்தகமும் கூடாது, பேச்சும் கூடாது, நடையும் கூடாது என்று மருத்துவ உலகமே சில காலம் உபதேசித்து வந்தது; அன்பு மிகுந்த வீடுகளில் இன்றும் அதுவே நடக்கிறது. மில்வாக்கி நகரில் அவசர சிகிச்சைக்கு வந்த 11 முதல் 22 வயது வரையுள்ளவர்களை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினரை ஐந்து நாள் பூரண ஓய்விலும், மற்றவர்களை ஓரிரு நாள் ஓய்வுக்குப் பின் படிப்படியாக நடமாட்டத்திலும் வைத்துப் பார்த்த ஆராய்ச்சி ஒன்று 2015-இல் வெளியாயிற்று. ஐந்து நாள் முடங்கிக் கிடந்தவர்கள்தாம் அதிகத் தொந்தரவுகளைச் சொன்னார்கள். 2019-இல் பஃபலோ நகரத்து ஆராய்ச்சியாளர் லெடியும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆராய்ச்சியில், அடிபட்ட பத்து நாளுக்குள்ளேயே அளவான நடை, மிதிவண்டிப் பயிற்சி ஆகியவற்றைத் தொடங்கிய வளரிளம் பருவத்தினர், தசைகளை நீட்டி மடக்கும் இலேசான பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட நான்கு நாள் முன்னதாகக் குணமடைந்தார்கள். ஆனால் முதல் இரண்டு நாள் விஷயத்தில் மட்டும் கண்டிப்பு தேவைதான் என்பதற்கும் சான்று இருக்கிறது: 12 முதல் 25 வயது வரையுள்ளவர்களில், முதல் 48 மணி நேரம் கைப்பேசி, கணினி, தொலைக்காட்சித் திரைகளை விட்டு விலகியிருந்தவர்களில் பாதிப் பேர் மூன்றரை நாளிலும், திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் எட்டு நாளிலும் குணமடைந்ததை 2021-இல் மாசசூசெட்ஸிலிருந்து வந்த ஆய்வு காட்டியது. படுத்துக்கொண்டே கைப்பேசியைப் பார்ப்பதை ஓய்வு என்று கருதும் பிள்ளைகளுக்கும், கருத விடும் நமக்கும் இது முக்கியமான செய்தி.

இவற்றையெல்லாம் திரட்டி ஒரு வழிமுறை வகுக்கும் சர்வதேச மாநாடு 2001-இல் வியன்னாவில் தொடங்கி, ஆறாவது முறையாக 2022 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் கூடிற்று. அதன் அறிக்கையில் விளையாட்டுக்குத் திரும்பும் வழியோடு படிப்புக்குத் திரும்பும் வழியும் நான்கு படிகளாக வகுக்கப்பட்டிருக்கிறது. முதல் ஓரிரு நாள் ஒப்பீட்டளவில் ஓய்வு. அந்த நாளிலேயே சிறிது பேசுவதும், சிறிது நடப்பதும், கொஞ்சம் படிப்பதும் கூடும். அடுத்து, வீட்டிலிருந்தபடியே பாடம் படிப்பது. மூன்றாவது, அரைநாளோ, ஒன்றிரண்டு வகுப்புகளோ மட்டும் போய் வருவது. நான்காவது, முழு நாளும் போய், விட்டுப்போன பாடங்களையும் மெல்ல ஈடுசெய்வது. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகும் அளவுகோல் மிக எளிமையானது: தொல்லையைப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஒரு எண்ணால் மதிப்பிட்டுக்கொண்டு, ஒரு வேலையைச் செய்யும்போது அந்த எண் முன்பிருந்ததைவிட இரண்டு புள்ளிக்கு மேல் ஏறாமலும், ஏறியது ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடும்படியும் இருந்தால் அந்த வேலை உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது என்று பொருள். தலைவலி மூன்றில் இருக்கும்போது படிக்க உட்கார்ந்து, ஐந்தானதும் புத்தகத்தை மூடி, சற்று ஓய்ந்து, மறுபடி மூன்றுக்கு வந்தபின் திறப்பது குற்றமல்ல. வலியே இல்லாமல் போகும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை, வலியைப் பொறுத்துக்கொண்டு முட்டி மோதவும் வேண்டியதில்லை என்ற இந்த நடுவழியைக் கண்டுபிடிக்க மருத்துவ சாஸ்திரத்துக்கு இருபது ஆண்டுகள் பிடித்தன. நம் கல்லூரிகளின் விதிமுறைகளில் அதற்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.

என் அபிப்பிராயத்தில் இடர்ப்பாட்டின் மூலம் இங்கேதான் இருக்கிறது. நம் கல்லூரிகள் மாணவரின் இரண்டே ஸ்திதிகளை அறியும்: வந்தார், வரவில்லை. வந்தவர் எட்டு மணி வகுப்பையும், பிற்பகல் ஆய்வுக்கூடத்தையும், மாலை சிறப்பு வகுப்பையும் மற்ற எல்லோரையும்போல ஏற்க வேண்டும். முடியாதவர் விடுப்பு எடுக்க வேண்டும். அரைநாள் வந்து அரைநாள் ஓய்வெடுக்கும் மாணவர் என்ற ஒரு பிறவியே பதிவேட்டில் இல்லை. பருவத்துக்கு 90 வேலை நாள்கள் என்று வைத்து, 75 விழுக்காடு வருகை கட்டாயம் என்றால், அதிகபட்சம் 22 நாள்தான் தவறலாம். அண்ணா பல்கலைக்கழகம் போன்றவை மருத்துவக் காரணத்துக்காக 65 விழுக்காடு வரை தளர்த்திக்கொள்ள விதி வகுத்திருப்பது நல்லதே என்றாலும், அந்தத் தளர்வு வராத நாள்களுக்குத்தான்; வந்தும் முடியாத நாள்களுக்கு அதில் பரிகாரமில்லை. ஆகவே வருகை குறைந்துவிடுமே என்ற பயத்தில் மாணவர் மேஜை மீது தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஏழு மணி நேரம் வகுப்பில் இருக்கிறார். வருகைப் பதிவு காப்பாற்றப்படுகிறது. பாடமும் ஏறுவதில்லை, மூளையும் ஆறுவதில்லை.

இத்தனைக்கும், தேவையான கருவி நம் கையிலேயே இருக்கிறது. பல்கலைக்கழக அணிக்கு ஆடப் போகும் மாணவருக்கும், வேறு கல்லூரிக் கருத்தரங்குக்குப் போகிறவருக்கும் 'ஓ.டி.' போடுவது எல்லாக் கல்லூரிகளிலும் வழக்கம். வராத வகுப்பை வந்ததாகக் கொள்ளும் ஏற்பாடு அது. கல்லூரிக்காகக் கபடி ஆடி விழுந்தவருக்கு ஆடிய மூன்று நாளுக்கு ஓ.டி. உண்டு, விழுந்ததால் வந்த மூன்று வாரத்துக்கு இல்லை என்பது நியாயமாகப் படவில்லை. மருத்துவரின் குறிப்பு இருக்குமானால், திரும்பி வரும் முதல் சில வாரங்களில் பிற்பகல் வகுப்புகளுக்கு அதே முறையில் வருகை வழங்குவதற்குப் புதிய சட்டமும் தேவையில்லை, பெரிய பணமும் தேவையில்லை. துறைத்தலைவரும் முதல்வரும் மனம் வைத்தால் ஒரு சுற்றறிக்கை போதும்.

அதற்கு அடுத்த காரியம், மாணவர் ஒவ்வோர் ஆசிரியரிடமும் தனித்தனியாகப் போய்த் தன் கதையைச் சொல்லும் அவலத்தை நீக்குவது. பள்ளியில் ஒரே வகுப்பாசிரியர் பிள்ளையின் முகம் வாடியிருப்பதைக் கண்டுகொள்வார். கல்லூரியில் ஆறேழு பேராசிரியர்கள், ஒருவர் கொடுத்த வேலை மற்றவருக்குத் தெரியாது. களைத்த மூளையோடு ஏழு பேரிடம் ஏழு முறை விளக்கி, ஏழில் இரண்டு பேர் நம்பாமல் பார்க்கும் பார்வையையும் தாங்கிக்கொள்வதைவிடப் பேசாமல் இருந்துவிடலாம் என்றே பிள்ளைகள் முடிவு செய்கிறார்கள். வகுப்பு ஆலோசகர் என்று ஒருவர் ஏறக்குறைய எல்லாக் கல்லூரிகளிலும் இருக்கிறார். மருத்துவர் எழுதித் தந்த காகிதத்தை அவரிடம் ஒரு முறை கொடுத்தால், மற்றவர்களுக்கு அவரே ஒரு கடிதம் அனுப்பிவிடலாம். இன்ன மாணவிக்கு இன்ன தேதி வரை கரும்பலகையைப் பார்த்து எழுதுவது சிரமம். பாடக் குறிப்பை முன்கூட்டியே அச்சிட்டுக் கொடுங்கள், அல்லது பக்கத்துப் பெண்ணின் குறிப்பேட்டை நகலெடுக்க அனுமதியுங்கள். வெளிச்சம் முகத்தில் அடிக்காத இடத்தில் உட்காரட்டும். தலைவலி அதிகமானால் அனுமதி கேட்காமல் வெளியே போய்ப் பத்து நிமிஷம் இருந்துவிட்டு வரட்டும். இரு வாரங்களுக்குப் பட்டறைப் பயிற்சியில் கடைசல் எந்திரத்தின் அருகே நிற்க வைக்க வேண்டாம். இப்படி ஒரு பக்கத்தில் அடங்கிவிடும் கடிதம். அத்தோடு ஒவ்வொரு பாடத்திலும் எது அத்தியாவசியம், எது விட்டாலும் பாதகமில்லாதது என்று ஆசிரியரே பிரித்துச் சொல்லிவிட்டால் அதைப்போன்ற உதவி வேறில்லை. ஏனெனில் விட்டுப்போன எல்லாவற்றையும் பிடித்தாக வேண்டும் என்ற பதைப்புதான், குணமாகிவரும் மாணவரைத் திரும்பவும் கீழே தள்ளுகிறது.

பரீட்சைக்கு வருவோம். கை முறிந்து மாவுக்கட்டோடு வரும் மாணவருக்குச் சொல்வதைக் கேட்டு எழுத ஓர் ஆளைக் கொடுக்கிறோம். யாரும் அதைச் சலுகை என்று முகம் சுளிப்பதில்லை, கட்டு கண்ணுக்குத் தெரிகிறது. எழுதும் கைக்கு உத்தரவு தரும் மூளைக்குக் காயம் என்றால் மட்டும் மூன்று மணி நேரத்தை ஒரே மூச்சில் எழுதித்தான் ஆக வேண்டும் என்கிறோம். ஒன்றரை மணி நேரத்துக்குப் பின் கால் மணி ஓய்வு, அந்தக் கால் மணியை ஈடுசெய்யும் கூடுதல் நேரம், முந்நூறு பேர் இருக்கும் மண்டபத்துக்குப் பதிலாக ஓர் அமைதியான அறை, ஒரே நாளில் இரண்டு தேர்வு வராமல் பார்த்துக்கொள்வது, காயம் பட்ட மாதத்தில் நடந்த உள்மதிப்பீட்டுத் தேர்வைப் பிறகு எழுத அனுமதிப்பது என்ற அளவே கேட்கப்படுவது. கேள்வித்தாளை எளிதாக்கச் சொல்லி எவரும் கேட்கவில்லை. சட்டம் இங்கே முழுமையாகத் துணைக்கு வராது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நீண்ட காலக் குறைபாடுகளையே கருத்தில் கொண்டது; சில வாரங்களில் ஆறிவிடும் காயம் அதற்குள் அடங்குவதில்லை. எனினும், கையெழுத்துத் தசைப்பிடிப்பு உள்ள ஒருவர் மத்தியப் பணியாளர் தேர்வாணையத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம், குறைபாடு 40 விழுக்காடு என்ற அளவை எட்டவில்லை என்பதற்காக மட்டும் எழுதும் உதவியாளரை மறுக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தபோது, அளவுகோலைவிட அந்த மனிதரின் உண்மையான தேவையே முதன்மையானது என்ற தத்துவத்தை நிலைநாட்டியது. அந்தத் தத்துவத்தைக் கடைப்பிடிக்கக் கல்லூரி முதல்வர் நீதிமன்ற உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

மாணவர்கள் தாமாகவே கவனிக்க வேண்டியவையும் உண்டு. ஒரு நாள் காலை தலை தெளிவாக இருக்கும். விட்டதையெல்லாம் பிடித்துவிடலாம் என்று நள்ளிரவு வரை உட்கார்ந்து படிப்பார்கள். அடுத்த இரண்டு நாள் எழுந்திருக்க முடியாது. பிறகு சற்றுத் தெளிந்ததும் மீண்டும் அதே வேகம், அதே வீழ்ச்சி. நல்ல நாளிலும் அளவோடு நிறுத்திக்கொள்வது, கெட்ட நாளிலும் கொஞ்சமாவது செய்வது என்ற நிதானம் இளம் வயதில் எளிதில் வராது; இருபது நிமிஷம் படிப்பு, பத்து நிமிஷம் கண்ணை மூடி இருப்பு என்று கடிகாரம் வைத்துப் பழகுவது அதற்கு உதவும். தூக்கம் கிரமமாக வேண்டும். பரீட்சைக் காலத்து இராக்கண் விழிப்பு இந்த நேரத்தில் ஆகவே ஆகாது. வலி மாத்திரையைத் தினமும் விழுங்கிக்கொண்டு வகுப்புக்குப் போகும் பழக்கம் வாரக்கணக்கில் நீண்டால், மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடும். மறுவினை வேகம் குறைந்திருப்பதால் மருத்துவர் சொல்லும் வரை வண்டி ஓட்டக்கூடாது. மைதானத்துக்குத் திரும்புவது வகுப்பறைக்கு முழுமையாகத் திரும்பிய பிறகே. வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலும், தலைவலி நேரமாக ஆக ஏறிக்கொண்டே போனாலும், பேச்சுக் குழறினாலும், வலிப்பு வந்தாலும், கை கால் மரத்தாலும், எழுப்ப முடியாத மயக்கம் கண்டாலும் அது வேறு விஷயம். அப்போது வகுப்பும் பரீட்சையும் பேச்சே இல்லை, உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

மறைப்பதன் அபாயத்துக்கு, கனடாவில் நடந்த துயரம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆட்டவா நகரில் பள்ளி ரக்பி அணியின் தலைவியாக இருந்த ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயதுப் பெண், 2013 மே மாதத்தில் சில நாள் இடைவெளிக்குள் அடுத்தடுத்துத் தலையில் அடிபட்டு இறந்துபோனாள். முந்தைய அடிகளுக்குப் பிறகு தனக்கு மூளை அதிர்ச்சி இருக்குமோ என்ற சந்தேகம் அவளுக்கே இருந்தது. இணையத்தில் தேடிப் பார்த்திருக்கிறாள். தோழிகளுக்குக் குறுஞ்செய்தியும் அனுப்பியிருக்கிறாள். பெரியவர்கள் யாருக்கும் தெரியவில்லை. முதல் காயம் ஆறாத மூளைக்கு இரண்டாவது அடி எவ்வளவு கொடியது என்பதை அந்த மரண விசாரணை நாடறியச் செய்தது. 2018-இல் ஒன்டாரியோ மாகாணம் அவள் பெயராலேயே ஒரு சட்டம் இயற்றிற்று. விடுதி அறைத் தோழர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பெற்றோர் நூறு மைல் தொலைவில் இருக்க, அடிபட்டவர் சொன்னதையே திரும்பச் சொல்வதையும், விளக்கைப் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வதையும், மெஸ்ஸின் இரைச்சல் தாங்காமல் சாப்பிடாமலே படுத்துவிடுவதையும் முதலில் காண்பவர்கள் அவர்கள்தாம். சாப்பாட்டை அறைக்கு வாங்கி வந்து கொடுப்பது, பாடத்தை வாசித்துக் காட்டுவது, வகுப்பு ஆலோசகரிடம் கூடப் போவது ஆகிய இவை நட்பில் சேர்ந்தவை. விடுதிக் காப்பாளரிடம் விஷயத்தைச் சொல்வதும் காட்டிக் கொடுப்பதாகாது.

பெரும்பாலோர் இரண்டு வாரத்திலிருந்து ஒரு மாதத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிடுகிறார்கள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த நம்பிக்கையே பாதி மருந்து. ஒரு மாதம் கடந்தும் தொல்லை நீங்காதவர்களும் உண்டு. முன்பே ஒற்றைத் தலைவலியோ மனச்சோர்வோ இருந்தவர்களுக்கும், ஏற்கெனவே ஒரு முறை அடிபட்டவர்களுக்கும் நாளாகலாம். அவர்களிடம் இன்னும் பொறுத்துப் பார் என்று சொல்லிக்கொண்டிருப்பது சரியல்ல, காரணத்தைத் தேட வேண்டும். தலைவலி பல சமயம் கழுத்துத் தசையிலிருந்து வருவது, அதற்கு இயன்முறைச் சிகிச்சை உண்டு. தலைசுற்றல் காதினுள் சமநிலை உறுப்பிலிருந்து வருவது, அதற்கென்று பயிற்சிகள் உண்டு. எழுத்து இரட்டையாகத் தெரிவது விழிகள் கூடாமையால் வருவது, கண் மருத்துவர் அதைச் சோதிப்பார். தூக்கமின்மையும் மனக்கலக்கமும் தனியே கவனிக்கப்பட வேண்டியவை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இத்துறைகளில் பலவும் ஒரே வளாகத்துக்குள் இருக்கின்றன. ஞாபகத்தையும் கவனத்தையும் அளந்து பயிற்சி அளிக்கும் நரம்பு உளவியல் பிரிவு பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் நெடுங்காலமாக நடந்துவருகிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின் மூலம், சாலை விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைத் தமிழக அரசே ஒரு வரம்பு வரை ஏற்கிறது. அந்த 48 மணி நேரம் முடிந்து அனுப்பும் சீட்டிலேயே, மாணவர் என்றால் எத்தனை நாள் அரைநாள் வகுப்பு, எப்போது மறுபரிசோதனை, எவரிடம் போக வேண்டும் என்ற மூன்று வரிகளைச் சேர்த்து எழுதிவிட்டால், வகுப்பு ஆலோசகருக்கு வேண்டிய காகிதம் அங்கேயே கிடைத்துவிடும்.

அத்தனையும் செய்தும் பருவம் கைநழுவிப் போகுமானால், ஒரு பருவம் இடைநிறுத்திக்கொண்டு ஜூனியர்களோடு சேர்ந்து எழுதுவதில் தாழ்வு ஒன்றுமில்லை. அதை முடிவு செய்வது வருகைப் பதிவேட்டின் கடைசி வாரத்தில் பீதியோடு நடக்கும் காரியமாக இல்லாமல், ஆறாம் வாரத்திலேயே மாணவரும் பெற்றோரும் ஆலோசகரும் மருத்துவரின் குறிப்பை நடுவில் வைத்துக்கொண்டு, எந்தப் பாடங்களை இந்தப் பருவத்தில் தொடர்வது, எவற்றை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவது, விடுதி அறையும் உதவித்தொகையும் அதுவரை நிற்குமா என்பதையெல்லாம் எழுத்தில் பேசித் தீர்த்துக்கொள்ளும் காரியமாக இருக்க வேண்டும்.